குதிரைக்கு பி.எஃப். உண்டா பாஸ்?

இன்டர்னல்ஸ் எல்லாம் முடிஞ்சுதா? அரியர் லிஸ்ட்ல புதுசா யாரும் சேரலையே? எனக்கு ‘இன்ஜினீயரிங் எகனாமிக்ஸ்’ பேப்பர்ல மட்டும் கொஞ்சம் உதறல். அதுல ஒரு கணக்கு வரும். ஒரு லேத் மெஷின் வாங்கறோம். விலை இவ்வளவு, ஆயுள் 10 வருஷம். வருஷா வருஷம் தேய்மானம் கழிச்சுட்டே வரணும். கடைசியில் ‘சால்வேஜ் வேல்யூ’ன்னு ஒரு தொகை மிஞ்சும். அதாவது, பழைய இரும்புக் கடையில் போட்டா என்ன கிடைக்குமோ, அது. விடைக்கு அடியில் ரெண்டு கோடு போட்டா 8 மார்க். கதை ஓவர்.

இதே கணக்கை மூச்சு விடற ஒரு ஜீவனுக்கும் போடறாங்கன்னு எனக்குப் போன வருஷம்தான் தெரிஞ்சது. இந்த வாரம் அந்த மேட்டர்தான்.

நமக்கு ஊர் ஓசூர். சிப்காட் ஷிஃப்ட் பஸ், ரோஜாத் தோட்டம், ஒரே கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணு பாஷையிலும் பாக்கி கேக்கற அண்ணாச்சி, இதுதான் எங்க ஏரியா. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினா கர்நாடகா. பெங்களூருவைச் சுத்தி நிறைய குதிரைப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கு. லீவுல சும்மா கிடக்கறதுக்கு ஏதாவது கத்துக்கலாமேன்னு அதுல ஒரு சின்ன ரைடிங் ஸ்கூல்ல சேர்ந்தேன். பேர் வேணாம். ஒரு கிளாஸுக்கு 700 ரூபாய். பாக்கெட் மணியை மிச்சம் பிடிச்சு, ரெண்டு பிறந்த நாள் டிரெஸ்ஸைத் தியாகம் பண்ணி சேர்த்த காசு.

எனக்குக் கிடைச்ச குதிரை பேரு பவானி. 19 வயசு. என்னைவிட ஒரு வயசு சின்னவ, ஆனா அனுபவத்துல பாட்டி. சின்ன வயசுல ரேஸ்ல ஓடினவளாம். இது நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி. ரேஸ் குதிரைகள் ரெண்டு வயசுலயே ஓட ஆரம்பிச்சு, பெரும்பாலும் ஆறு, ஏழு வயசுக்குள்ள தடத்தை விட்டு வெளியே வந்துடும். நம்ம நாட்டு ரைடிங் ஸ்கூல்கள்ல நிக்கற குதிரைகள்ல கணிசமானது அப்படி ஏற்கெனவே ஒரு தடவை ரிட்டயர் ஆகி, செகண்ட் இன்னிங்ஸ் ஆட வந்ததுதான்.

பவானிகிட்ட ஒரு பழக்கம். மேல இருக்கிற ஆள் பேலன்ஸ் தவறி ஒரு பக்கமா சரியறது அவளுக்குத் தெரிஞ்சுடும். யாரும் சொல்லாமலே நின்னுடுவா. நான் ஒழுங்கா உக்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுட்டு மறுபடி நடப்பா. ‘இதுகளை எல்லாம் நான் கட்டி மேய்க்க வேண்டியிருக்கே’ங்கிற மாதிரி இருக்கும். முதல் மூணு வாரம் நான் கீழே விழாததுக்குக் காரணம் என் திறமைன்னு நினைச்சுட்டிருந்தேன். அட போங்க!

ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். அவ நிக்கிற கொட்டில் காலி. கழுவி விட்டிருந்தாங்க.

“பவானி எங்கண்ணா?”

“குடுத்தாச்சும்மா. கல்யாண ஊர்வல வண்டிக்காரர் ஒருத்தர் வந்து ஓட்டிட்டுப் போனாரு.”

“ஏன்?”

“முன்னங்கால்ல வீக்கம் வந்துடுச்சு. கிளாஸுக்கு ஆகாது. சும்மா நிக்க வெச்சா தீவனம் யாரு போடறது?”

குதிரையைப் பார்த்துக்கற அந்த அண்ணனோட முடிவு இல்லை அது. அவர் முகமும் சரியில்லை. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ‘ஓ’ன்னுட்டு வேற குதிரை மேல ஏறி, கொடுத்த 700 ரூபாய்க்குக் கிளாஸை முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். வாங்கினவர் யாரு, எந்த ஊரு, போன் நம்பர் இருக்கா... ஒண்ணும் கேக்கலை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் உறைச்சது: வகுப்புக்கு ஆகாத கால், கல்யாண வண்டி இழுக்க மட்டும் எப்படி ஆகும்?

அடுத்த வாரம் கேட்டேன். வாங்கினவர் நம்பர் யார்கிட்டயும் இல்லை.

அப்புறம் விசாரிச்சதுல புரிஞ்சது, குதிரைக்கு இது ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியா இறக்கிவிடுவாங்க. ரேஸ் கோர்ஸ்ல இருக்கறப்போ தனி டாக்டர், தனி ஆள். ரைடிங் ஸ்கூல் அதுக்கு ஒரு படி கீழே, ஆனாலும் நேரத்துக்குத் தீவனம் உண்டு. அதுக்கும் கீழே கல்யாண ஊர்வலம், பேண்டு வாத்தியம், பட்டாசு. இன்னும் கீழே சுற்றுலா இடங்கள்ல பத்து நிமிஷ சவாரி. கடைசிப் படி தெரு. ஊட்டி போனவங்க மார்க்கெட் பக்கம் குப்பையைக் கிளறிட்டு நிக்கற குதிரைகளைப் பார்த்திருப்பீங்க. ‘சோ க்யூட்’னு போட்டோ எடுத்திருப்பீங்க. நானும் எடுத்திருக்கேன். ஒவ்வொரு படியிலும் குதிரைக்கு வயசு கூடும், வாங்கறவருக்கு வசதி குறையும். அதிகமா வைத்தியம் தேவைப்படற வயசுல, வைத்தியம் பார்க்க வழியில்லாதவர் கையில் போய் நிக்கும். வாங்கறவர் வில்லன் இல்லைங்க. அவர் பொழப்பு அது. மேல்படியில் இருந்தவங்க செலவைக் கீழ்ப்படிக்குத் தள்ளி விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

எல்லாக் குதிரைக்கும் இப்படித்தானான்னா, இல்லை. 2022 ஜனவரி 26, குடியரசு தினம். டி.வி.யில் பார்த்திருக்கலாம். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் இருந்த ‘விராட்’ங்கிற குதிரைக்கு அன்னிக்கு ரிட்டயர்மென்ட். 13 தடவை குடியரசு தின அணிவகுப்புல கலந்துகிட்ட குதிரை. ராணுவத் தலைமைத் தளபதியோட பாராட்டுப் பத்திரமே வாங்கியிருக்கு. ஜனாதிபதியும் பிரதமரும் தட்டிக்கொடுத்து வழியனுப்பினாங்க. மிச்ச காலத்துக்கும் படைப்பிரிவே பார்த்துக்கும்னு அறிவிச்சாங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு ஹீரோயின் உண்டு. பெடோங்கி. குதிரை இல்லை, கோவேறு கழுதை. 1962-ல் ராணுவத்தில் சேர்ந்தது. 1971 போர்ல பாகிஸ்தான் பக்கம் பிடிபட்டு, அங்கே முதுகுல ஏத்தின மெஷின் கன்னோட தப்பிச்சு நம்ம பக்கம் நடந்து வந்துடுச்சு! ரஜினி படம் தோத்தது போங்க. வயசான காலத்துல பரேலியில் இருந்த ஒரு ராணுவ விலங்குப் போக்குவரத்துப் பிரிவு அதைத் தன்னோடவே வெச்சுக்கிட்டது. 1992-ல் டெல்லியில் ஒரு விழாவுல நீல வெல்வெட் போர்வை போர்த்தி மரியாதை பண்ணாங்க. 1998-ல்தான் இறந்தது. நீண்ட காலம் பணியாற்றிய ராணுவக் கோவேறு கழுதைன்னு கின்னஸ்லயும் இடம்.

எனக்கு விராட்டைப் பிடிக்கும், பெடோங்கியை ரொம்பப் பிடிக்கும். ஆனா இது அவார்டு வாங்கினவங்களுக்குக் கிடைச்ச பென்ஷன். பதினாலு வருஷம் பத்து வயசுப் பசங்களையும் என்னை மாதிரி பயந்தாங்கொள்ளிகளையும் விழாம சுமந்த பவானிக்கு யார் போர்வை போர்த்துவாங்க?

வரலாறு கிளாஸ் மாதிரி இருந்தாலும் ஒரு கதை சொல்லியே ஆகணும். முதல் உலகப் போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ் ராணுவம் தன்னோட குதிரைகள்ல ஆயிரக்கணக்கானதை எகிப்துலயே வித்துட்டுக் கிளம்பிடுச்சு. ஊருக்குக் கொண்டு போனா செலவு. அதே சால்வேஜ் வேல்யூ கணக்கு! 1930-ல் கெய்ரோ போன டோரதி புரூக்ங்கிற அம்மா, அந்தக் குதிரைகள் இருபது வயசு தாண்டி, எலும்பும் தோலுமா வண்டி இழுத்துக்கிட்டிருந்ததைப் பார்த்தாங்க. 1931-ல் லண்டன் பத்திரிகை ஒண்ணுக்கு லெட்டர் எழுதினாங்க. ஜனங்க பணம் அனுப்பிக் குவிச்சாங்க. மூணு வருஷத்துல 5,000 குதிரைகளை விலை கொடுத்து மீட்டாங்க. ஆனா, அதுல பெரும்பாலானது தேறாத நிலைமையில் இருந்ததால், நிம்மதியா கண்ணை மூட வைக்கத்தான் முடிஞ்சது. 1934-ல் கெய்ரோவில் அவங்க தொடங்கின இலவச ஆஸ்பத்திரிதான் இன்னிக்கு உலகம் பூரா வேலை செய்யற ‘புரூக்’ அமைப்பு. நம்ம நாட்டுலயும் இருக்கு.

என்னை உலுக்கினது அந்த லெட்டர் இல்லை, தேதிதான். போர் முடிஞ்சது 1918. லெட்டர் 1931. நடுவுல 13 வருஷம் யாரும் ‘அந்தக் குதிரை எல்லாம் எங்கேப்பா?’ன்னு கேக்கலை. நான் கேக்காம விட்டது ஒரு வாரம். வண்டிக்காரர் காணாமப்போக அதுவே போதுமா இருந்தது.

சரி, இப்போ கெலவரப்பள்ளிக்கு வாங்க. ஓசூர் பசங்களுக்கு அறிமுகம் வேண்டாம். மத்தவங்களுக்கு: தென்பெண்ணை ஆறு நந்தி மலையில் கிளம்பி, பெங்களூரு ஓரமா வந்து, தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சதும் சந்திக்கிற அணை. அணைக்கட்டுன்னதும் பிக்னிக்னு கிளம்பிடாதீங்க. பெங்களூரு கழிவெல்லாம் சேர்ந்து வந்து, மழைக்காலத்துல மதகுக்குக் கீழே வெள்ளை வெளேர்னு நுரை மலை மாதிரி நிக்கும். செய்தியில் பார்த்திருப்பீங்க.

அந்தப் பக்கம் என் கிளாஸ்மேட் ஒருத்தனோட தாத்தாவுக்கு ரெண்டு ஏக்கர். ராகி, கொத்தமல்லி, நாலு மாடு. பவானி கதையை நான் புலம்பினதைக் கேட்டு அவன், “எங்க தாத்தா ஒரு கிழட்டுக் குதிரையைக் கட்டிக்கிட்டு அழுவறாரு, வந்து பாரு”ன்னான். பஸ் பிடிச்சுப் போனேன். முன்னாடியே சொல்லிடறேன், அது பவானி இல்லை. சினிமா க்ளைமாக்ஸ் எதிர்பார்க்காதீங்க.

வெள்ளைக் குதிரை. ஆண். பேரு ராஜா. கல்யாண வண்டியில் இருந்தது. வண்டிக்காரர் தொழிலை விட்டுட்டு ஊருக்குப் போறப்போ, “நாலு நாள்ல வந்து ஓட்டிக்கிறேன்”னு தாத்தாவோட களத்துல கட்டிட்டுப் போயிருக்கார். நாலு நாள் நாலு வருஷமாச்சு. தாத்தா ஏன் விக்கலை?

“பால் மறுத்த மாட்டை நான் இதுவரைக்கும் சந்தைக்கு ஓட்டினதில்ல கண்ணு. இதையும் பால் குடுக்காத ஒரு மாடுன்னு நினைச்சுக்கிட்டேன். என்ன, சாணி மட்டும் வேற மாதிரி!”

பாசம் இருக்கு, ஆனா மாட்டைப் பார்க்கிற மாதிரி குதிரையைப் பார்த்தா போதாது. ராஜா இளைச்சுப் போயிருந்தான். முன்னாடி புல்லு குவிஞ்சு கிடக்கு, ஆனா விலா எலும்பு தெரியுது. கீழே பார்த்தா பாதி மென்ற புல் உருண்டை உருண்டையா கிடந்தது. ‘வயசாச்சு, சாப்பாடு இறங்கலை’ன்னு தாத்தா நினைச்சுட்டிருந்தார். கூட்டிட்டுப் போன கால்நடை டாக்டர் வாயைத் திறந்து பார்த்துட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “பல்லு.”

குதிரைப் பல் ஒரு விசித்திரம் பாஸ். பல்லு முழுக்க வெளியே தெரியாது. பெரும்பகுதி ஈறுக்குள்ள ஸ்டாக் வெச்சிருக்கும். வருஷத்துக்கு ரெண்டு, மூணு மில்லிமீட்டர் மேலே வந்துட்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேஞ்சுட்டே இருக்கும். மேல்தாடை கீழ்தாடையைவிட அகலம். அதனால் தேய்மானம் சமமா இருக்காது. விளிம்புல கத்தி மாதிரி கூர் விட்டுடும், அது கன்னத்தைக் கிழிக்கும். மெல்ல முடியாம துப்பிடும். பட்டினி கிடக்கிறது வயித்துக்கு எதிரே புல்லை வெச்சுக்கிட்டு! வருஷத்துக்கு ஒரு தடவையாவது அரத்தை வெச்சு அந்தக் கூரை ராவி விடணும். மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லணுமா? நம்ம வொர்க்‌ஷாப்ல முதல் செமஸ்டர்ல ‘ஃபைலிங்’ பண்ணோமே, அதேதான். ஆனா இந்த ஜாப் உதைக்கும்.

குளம்பும் நம்ம நகம் மாதிரிதான். ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை செதுக்கலைன்னா நீண்டு, மொத்தக் காலோட கோணமே மாறிடும். வேலை செய்யாத குதிரைக்கு லாடம் தேவையில்லை, செதுக்கினா போதும். அதுக்கு ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். லாடம் அடிக்கிறவங்க இப்போ ஊருக்கு ஊர் இல்லை. பெங்களூரு பக்கமிருந்து வர ஒருத்தரைத் தேடிப் பிடிச்சோம்.

தீவன விஷயத்துல நான் கத்துக்கிட்டது இன்னும் சுவாரஸ்யம். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ஞ்ச எடையில் 6 முதல் 8 கிலோ நார்த்தீவனம் வேணும். பச்சைப் புல்லுன்னா முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அதனால் 30 கிலோவாவது ஆகும். தாத்தா மாட்டுக்கு வெச்சிருந்த கோ-4 புல்லையே போட்டுட்டிருந்தார். மாட்டுக்கு அது அமிர்தம். ஆனா, அந்த நேப்பியர் வகைப் புல்லுல ஆக்ஸலேட் அதிகம். அது மட்டுமே தின்னா குதிரைக்கு உடம்புல சுண்ணாம்புச் சத்து பிடிக்காம எலும்பு பலவீனமாயிடும். மாத்தி மாத்திக் கொடுக்கணும். கூட என்ன போடலாம்னு கேட்டதுக்கு டாக்டர் சொன்னது குதிரைமசால். பேருலயே குதிரை இருக்கு, எங்களுக்குத் தோணலை பாருங்க! கொள்ளை ஊறவெச்சு வேக வெச்சுக் கொஞ்சம், பல்லு இல்லாத கிழவனுக்குக் கஞ்சி மாதிரி தவிட்டைக் குழைச்சுக் கொஞ்சம். ‘இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ன்னு பழமொழி சொல்லி தாத்தா முதல்ல கொள்ளுக்குத் தடை போட்டார். அது மனுஷனுக்கு தாத்தா, இவன் குதிரைன்னு சமாதானம் பண்ணினோம்.

தண்ணி இன்னொரு தலைவலி. ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும். வாய்க்கால் பக்கத்துலயே ஓடுது. ஆனா அந்த நுரைத் தண்ணியைக் குடிக்க வைக்க மனசு வரலை. குதிரையால வாந்தி எடுக்க முடியாது தெரியுமா? உள்ளே போனது கெட்டதா இருந்தாலும் திருப்பி அனுப்ப வழியில்லை. வயிறு பிடிச்சுக்கிட்டா அதுக்கு உயிர்ப் பிரச்னை. போர்வெல் தண்ணியை ட்ரம்ல பிடிச்சு வைக்கிறோம்.

அப்புறம் துணை. குதிரை கூட்டத்துல வாழற ஜாதி. தனியா கட்டிப் போட்டா ஏங்கும். ராஜாவுக்கு வேற குதிரை இல்லை. ஒரு கன்னுக்குட்டிதான் ஃப்ரெண்ட். அது இவன் வாலைச் சப்புது, இவன் கண்டுக்கறதில்லை. காலேஜ் ஹாஸ்டல் ரூம்மேட்ஸ் மாதிரி.

இப்போ எகனாமிக்ஸ். லேத் மெஷினைத் தூக்கி ஓரமா வைங்க, பவானிக்குக் கணக்கு போடுவோம். இது என் நோட்டுல போட்ட உத்தேசக் கணக்கு, யாரும் சண்டைக்கு வராதீங்க. குதிரை 25, 30 வருஷம் வாழக்கூடிய பிராணி. (இங்கிலாந்துல ‘ஓல்டு பில்லி’ன்னு ஒரு படகு இழுக்கற குதிரை 62 வருஷம் வாழ்ந்து 1822-ல் செத்துதாம். அது எக்ஸ்ட்ரீம் கேஸ்.) அஞ்சு வயசுல ரைடிங் ஸ்கூலுக்கு வந்து 19 வரைக்கும் வேலை செய்யுதுன்னு வைங்க. 14 வருஷம். வாரத்துக்கு 15 சவாரி, வருஷத்துக்கு 50 வாரம். மொத்தம் 10,500 சவாரி. ரிட்டயர் ஆகி 27 வயசு வரை இருந்தா 8 வருஷம், அதாவது 96 மாசம். மாசம் 12,000 ரூபாய் செலவுன்னு வெச்சாலும் 11,52,000. பார்க்கிறப்போ தலை சுத்தும். அதை 10,500-ஆல் வகுங்க.

110 ரூபாய். ஒரு சவாரிக்கு.

வயல்ல விட்டு, மாசம் 5,000-ல் சமாளிக்க முடிஞ்சா 46 ரூபாய்தான். விலைவாசி ஏறாதான்னு கேப்பீங்க. ஏறும். முதல் நாள்லேர்ந்து சேர்த்து வெச்ச பணத்துக்கு வட்டியும் ஏறும்ல? நான் கொடுத்த 700-ல் 110-ங்கிறது 16 சதவீதம்கூட இல்லை. எங்க சிப்காட்ல வேலை பார்க்கிற அப்பாக்களுக்கு அடிப்படைச் சம்பளத்துல 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பாங்க, கம்பெனி 12 போடும். அந்தச் சம்பளத்துல வளர்ந்த பிள்ளைகள் நாம. கடைசி மாசத்துல மொத்தமா 11 லட்சம் கொடுன்னா எந்த முதலாளியாலயும் முடியாது. 58 வயசுல திடீர்னு கேட்டா மனுஷனுக்கும் முடியாதுன்னுதானே பி.எஃப்.பையே கண்டுபிடிச்சாங்க? அந்த ரைடிங் ஸ்கூல்காரரை நான் திட்டித் தீர்த்தேன். கணக்கு போட்டு முடிச்சப்போ கோபம் பாதி இறங்கிடுச்சு. அந்த 110 ரூபாயை அவர் என்கிட்ட கேக்கலை. நானும் கொடுக்கலை. 590 ரூபாய் சர்வீஸுக்கு 700 கொடுத்தேனா, இல்லை 810 ரூபாய் சவாரியை 700-க்கு அடிச்சேனா? ரெண்டாவதுதான். மிச்சத்தை பவானி கட்டினா.

சட்டம் இருக்கான்னு லா காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் கேப்பீங்க. இருக்கு. 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. பசி, தாகத்தால் துன்பப்படற மாதிரி ஒரு விலங்கைக் கைவிட்டா குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைன்னா 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும்! லைப்ரரி புக்கை ரெண்டு மாசம் கழிச்சுக் கொடுத்தா எங்க காலேஜ்ல இதைவிட அதிகம். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி செஞ்சா 25-லேர்ந்து 100 ரூபாய், அல்லது மூணு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும். அதுவும் கைவிட்டாத்தான். அடுத்த படியில இருக்கிறவருக்கு வித்துட்டா, வித்ததுக்காக மட்டும் பெரும்பாலும் இது பாயாது.

வித்தே ஆகணும்கிற நிலைமை இல்லாத இடங்களும் இருக்கு. இங்கிலாந்துல ‘ஹார்ஸ் டிரஸ்ட்’னு ஒண்ணு 1886-லேர்ந்து வண்டிக் குதிரை, அப்புறம் போலீஸ் குதிரை, ராணுவக் குதிரைன்னு ஓய்வு கொடுத்து வெச்சிருக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம நீலகிரியில் மசினகுடி பக்கம் மாவனல்லாவில் ‘ஐபான்’ங்கிற அமைப்போட ஹில் வியூ பண்ணை, ஊட்டியில் கைவிடப்பட்ட குதிரைகள், கழுதைகளுக்குப் பல வருஷமா அடைக்கலம் கொடுத்துட்டு வந்திருக்கு. ஆனா இந்த மாதிரி இடங்கள் விரல் விட்டு எண்ணிடலாம். அதுக்குள்ள குதிரைகள் நிறைய வெளியே வரும் போல இருக்கு. 2024-ல் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும், அதே வருஷம் செப்டம்பர்ல கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அரசு திரும்ப எடுக்க உத்தரவு போட்டது. வாடகை பாக்கி, குத்தகைன்னு கோர்ட்டு வரைக்கும் போன விவகாரம். அந்த நிலத்துல பூங்காவா, ஏரியான்னு எல்லாரும் விவாதம் பண்ணினாங்க. பண்ணட்டும், நல்லதுதான். கொட்டில்ல நின்ன குதிரைகளைப் பத்தி ஒரு வரி எங்கயாவது வந்ததான்னு தேடினேன். வந்திருந்தா என் கண்ணுல படலை.

ஓசூருக்கு இதுல கொஞ்சம் கூடுதல் கடமை உண்டுன்னு நினைக்கிறேன். பக்கத்துல மத்திகிரி கால்நடைப் பண்ணை தெரியும்ல? 1,600 ஏக்கருக்கு மேல பரந்த அந்தப் பண்ணையை 1824-ல் ஆரம்பிச்சதே ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான். நம்ம ஊரு பஸ் கம்பெனி, பைக் கம்பெனி எல்லாத்துக்கும் முன்னாடியே இங்கே உற்பத்தியான வண்டி, குதிரைதான்!

ஒரு கஷ்டமான விஷயத்தையும் சொல்லிடணும். ஓய்வுன்னா கடைசி மூச்சு வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறதுன்னு அர்த்தம் இல்லை. படுத்த குதிரை எந்திரிக்க முடியாமப் போனா, அவ்வளவு எடையும் அதையே நசுக்கும். அப்போ டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு வலியில்லாம அனுப்பறதும் அந்த 110 ரூபாய் கணக்குல சேர்ந்ததுதான். இதை நாங்க பேச ஆரம்பிச்சப்போ தாத்தா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். அரை மணி நேரம் கழிச்சு வந்து, “அந்த டாக்டரு நம்பரு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க”ன்னார்.

நாங்க எட்டு பேர். மாசம் ஆளுக்கு 250 ரூபாய். ரெண்டாயிரம். புல்லும் கொட்டிலும் தாத்தா உபயம். எங்க காசு தவிடு, கொள்ளு, குதிரைமசால், குளம்பு செதுக்கறவர் பஸ் சார்ஜுன்னு போகுது. ஒருத்தன் போன மாசம் டிமிக்கி கொடுத்துட்டான், பேர் போட்டுடுவேன்னு மிரட்டி இருக்கேன். (டேய், உனக்குத்தான்!) இதெல்லாம் ஒரே ஒரு குதிரைக்கு. எட்டு பேர் சேர்ந்து ஒரு குதிரையோட கால்வாசிச் செலவைக்கூட முழுசா தாங்கலை. தாத்தா இல்லைன்னா ஒரு மாசம் ஓடாது.

அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். சென்னையிலயோ, கோவையிலயோ, ஆரோவில்லிலயோ, பெங்களூருவிலயோ ரைடிங் கிளாஸ் போறவங்க, இந்த சண்டே போறப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இந்தக் குதிரைக்கு வயசானா எங்கே போகும்?” கோபமா வேணாம், சும்மா கேளுங்க. ‘வயல் வெச்சிருக்கோம், அங்கே விடுவோம்’னா, அதுக்குத் தனி உண்டியல் இருக்கான்னு கேட்டு அம்பதோ நூறோ போடுங்க. பதில் வரலைன்னா, ‘ஃபீஸ்ல நூறு ரூபாய் ஏத்திக்கங்க, அதைத் தனியா வைங்க’ன்னு நாமே சொல்லலாம். ஃபீஸை ஏத்துன்னு சொல்ற முதல் ஸ்டூடன்ட் நீங்களாத்தான் இருப்பீங்க. வித்தே ஆகணும்னா, வாங்கறவர் நம்பரை வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க. நான் வாங்காம விட்டது அதைத்தான். நான் அந்த ஸ்கூலுக்கு இப்பவும் போறேன். கேள்வியைக் கேட்டாச்சு. “பார்க்கலாம்மா”ன்னார் முதலாளி. எதுக்கும் அடுத்த வாரமும் கேப்பேன்.

பவானியைத் தேடறதையும் விடலை. முகூர்த்த நாள்ல ஓசூர், அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் எங்க கல்யாண ஊர்வலம் வந்தாலும் மாப்பிள்ளையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி குதிரையைப் பார்க்கிறேன். பழுப்பு நிறம், நெத்தியில் எலுமிச்சை சைஸ்ல வெள்ளை, மேல இருக்கிற ஆள் சரிஞ்சா தானா நின்னுடும். உங்க தெரு ஊர்வலத்துல பார்த்தா இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்க.

ராஜாவுக்குப் பல் ராவினது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. கீழே உருண்டை விழறது நின்னுடுச்சு. போன ஞாயிறு தவிட்டுக் கஞ்சியைப் பாத்திரத்தோட நக்கிட்டு, முகம் பூரா பூசிக்கிட்டு, கன்னுக்குட்டி பங்குலயும் வாயை வெச்சான். அது முட்டித் தள்ளிடுச்சு. தாத்தா சாப்பிட உக்கார்ந்தவர் எழுந்து வந்து பஞ்சாயத்து பண்ண வேண்டியதாப் போச்சு.